கைப்பேசிக்குள் ஓடிய யானை

2023-ஆம் ஆண்டு மே மாதம் 27-ஆம் நாள் காலை. கம்பம் நகரத் தெருக்களுக்குள் ஒரு காட்டு யானை புகுந்துவிட்டது. ரேஷன் கடைகளை உடைத்து அரிசி தின்னும் பழக்கத்தால் ‘அரிக்கொம்பன்’ என்று பெயர் பெற்ற யானை அது. அதற்கு ஒரு மாதம் முன்பு, ஏப்ரல் 29 அன்று, கேரளத்தின் சின்னக்கானல் பகுதியில் அதை மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். கழுத்தில் ரேடியோ பட்டை மாட்டி, பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். அங்கிருந்துதான் அது மலையிறங்கி வந்தது. நகரில் 144 தடை உத்தரவு போடப்பட்டது. யானையால் காயமடைந்த ஒருவர் பின்னர் உயிரிழந்தார். ஜூன் 5 அன்று யானை மறுபடியும் பிடிக்கப்பட்டு, களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குக் கொண்டு செல்லப்பட்டது.

இது தரையில் நடந்த யானையின் கதை. அதே நாள்களில் இன்னொரு யானை கைப்பேசிகளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. சில விநாடிகளே ஓடும் வீடியோக்கள் வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும் கைக்குக் கை மாறின. யானையைப் படம் எடுப்பதற்காக ட்ரோன் பறக்கவிட்ட ஒருவரைக் காவல்துறை கைது செய்யும் அளவுக்கு ஆர்வம் முற்றியது.

இப்போது ஒரு கேள்வி. யானையைத் தெருவில் ஒரு முறை பார்த்தவருக்கு மன அழுத்தம் அதிகமா? எங்கோ தொலைவில் உட்கார்ந்து, அதே காட்சியைத் திரையில் நாற்பது முறை பார்த்தவருக்கு அதிகமா? “இதென்ன கேள்வி! நேரில் பார்த்தவருக்குத்தான்” என்று சொல்லத் தோன்றுகிறது அல்லவா? கொஞ்சம் பொறுங்கள்.

பாஸ்டன் சொன்ன விடை

2013 ஏப்ரலில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், மாரத்தான் ஓட்டப் பந்தயத்தின்போது குண்டுகள் வெடித்தன. அடுத்த சில வாரங்களுக்குள், ஆய்வாளர்கள் 4,675 பேரிடம் அவர்களது மனநிலை பற்றி விசாரித்தனர். குண்டுவெடிப்பை நேரடியாகச் சந்தித்தவர்களும், செய்தியாக மட்டும் அறிந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். முடிவு 2014-இல் வெளியாயிற்று. வெடிப்பைத் தொடர்ந்த வாரத்தில் நாள்தோறும் 6 மணி நேரமோ அதற்கு மேலோ அந்தச் செய்திகளிலும் படங்களிலும் மூழ்கியிருந்தவர்கள், நேரடியாகச் சந்தித்தவர்களைவிட அதிக மன அழுத்தம் இருப்பதாகத் தெரிவித்திருந்தார்கள்! தொலைக்காட்சி, வானொலி, செய்தித்தாள், சமூக ஊடகம் எல்லாமே இந்தக் கணக்கில் அடக்கம்.

இது எப்படி? விடை நம் உடலுக்குள்ளேயே இருக்கிறது.

உடலின் அபாய மணி

மூளையின் ஆழத்தில், வாதுமைக் கொட்டை வடிவில் அமிக்டலா என்ற பகுதி இருக்கிறது. அபாயத்தைக் கண்டதும் மணி அடிப்பது இதன் வேலைகளுள் ஒன்று. மணி அடித்ததும், சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைச் சுரக்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது, மூச்சு வாங்குகிறது, தசைகள் ஓடத் தயாராகின்றன. சில நிமிடங்கள் கழித்து கார்ட்டிசால் என்னும் ஹார்மோனும் இரத்தத்தில் கூடுகிறது.

இந்த ஏற்பாடு நம்மைக் காப்பதற்கே. யானை எதிரில் வந்தால் ஓட வேண்டாமா? இதில் வியப்பு என்னவென்றால், இந்த மணி தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளவும் வல்லது. கார்ட்டிசால் போதிய அளவு கூடியதும் மூளை அதை உணர்ந்து, “போதும்” என்று சுரப்பியின் வேகத்தைக் குறைக்கிறது. மின்சார இஸ்திரிப் பெட்டியை நினைத்துப் பாருங்கள். சூடு ஏறியதும் உள்ளே இருக்கும் ஈருலோகத் தகடு வளைந்து மின்னோட்டத்தைத் துண்டிக்கிறது. துணி கருகாமல் தப்புகிறது. இப்படி விளைவே காரணத்தைக் கட்டுப்படுத்துவதை எதிர்ப் பின்னூட்டம் என்கிறோம்.

தெருவில் வந்த யானை தெருவைக் கடந்து போய்விடும். “போய்விட்டது” என்று கண் பார்க்கிறது. பக்கத்து வீட்டார் சொல்லக் காது கேட்கிறது. மணி அடங்குகிறது. ஆனால் கைப்பேசியில் வரும் யானை போவதே இல்லை. ஒரு வீடியோ முடிந்தால் அடுத்தது. நேற்றைய காட்சியை இன்று யாரோ மறுபடி அனுப்புகிறார். எது பழையது, எது புதியது என்றும் தெரிவதில்லை. அடங்கப் போகும் மணியை ஒவ்வொரு முறையும் யாரோ மீண்டும் அடித்துவிடுகிறார்கள்.

மைக் ஊளையிடுவது ஏன்?

வீரபாண்டித் திருவிழாப் போன்ற கூட்டங்களில், ஒலிபெருக்கி திடீரென்று ‘கீ…’ என்று ஊளையிடுவதைக் கேட்டிருப்பீர்கள். மைக்கில் நுழைந்த சிறு ஒலி பெருக்கப்பட்டு ஒலிபெருக்கி வழியே வெளிவருகிறது. அதுவே மறுபடி மைக்குக்குள் புகுகிறது, இன்னும் பெருகுகிறது. இது நேர்ப் பின்னூட்டம்.

அச்சத்திலும் இது நிகழ்கிறது. பாஸ்டன் ஆய்வில் பங்கு பெற்றவர்களை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். 2016-இல் ஆர்லாண்டோ நகரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. முதல் நிகழ்ச்சியின் செய்திகளை அதிகமாகப் பார்த்தவர்களிடம், மேலும் இதுபோல் நடக்குமோ என்ற கவலை கூடியிருந்தது. கவலை கூடியவர்கள் இரண்டாவது நிகழ்ச்சியின் செய்திகளையும் அதிகமாகப் பார்த்தார்கள். பார்த்ததால் கவலை, கவலையால் மேலும் பார்த்தல்!

இந்தச் சுழலுக்குச் சமூக ஊடகங்களின் கணக்கீட்டு முறையும் கை கொடுக்கிறது. நீங்கள் எந்தக் காட்சியில் நின்று பார்க்கிறீர்களோ, அதைப் போன்றவற்றையே அது எடுத்து நீட்டும். ஆர்வத்தால் நின்றீர்களா, பயத்தால் நின்றீர்களா என்பது அதற்குப் பொருட்டல்ல.

அபாயம் என்றால் யானையும் குண்டும் மட்டுமல்ல. நண்பர்கள் உங்களை விட்டுவிட்டுச் சுருளி அருவிக்குப் போய் எடுத்த படம், பார்த்த பிறகும் பதில் வராத செய்தி, எதிர்பார்த்த ‘லைக்’ வராத புகைப்படம் ஆகியவையும் அபாய மணியைத் தொடக்கூடியவையே. கூட்டத்திலிருந்து ஒதுக்கப்படுவதை மனித மூளை சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. இரவில் இதே கவலையுடன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் தூக்கம் குறைகிறது. தூக்கம் குறைந்த மூளை மறுநாள் இன்னும் எளிதில் பதற்றம் கொள்கிறது. இதுவும் ஒரு சுழலே.

அவசரப்பட வேண்டாம்

அப்படியானால் சமூக ஊடகம்தான் எல்லா மனக்கவலைக்கும் காரணமா? அறிவியல் அவ்வளவு எளிதில் தீர்ப்புச் சொல்வதில்லை. அதிகம் பார்த்ததால் கவலை வந்ததா, ஏற்கனவே கவலைப்படுபவர் அதிகம் பார்க்கிறாரா? இரண்டு பொருள்கள் சேர்ந்து காணப்படுவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது.

2019-இல் வெளியான ஓர் ஆய்வு, மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட வளரிளம் பருவத்தினரின் விவரங்களை அலசியது. அவர்களுக்குள் காணும் மனநல வேறுபாட்டில், திரைக் கருவிகளின் பயன்பாட்டோடு தொடர்புபடுத்த முடிந்தது அதிகம் போனால் 0.4 விழுக்காடுதான். ஆனால் இது சராசரிக் கணக்கு. ஆற்றின் சராசரி ஆழம் முழங்கால் அளவு என்பதால், மடுவில் யாரும் மூழ்க மாட்டார்கள் என்று பொருளா?

காரணத்தை அறியச் சோதனைதான் வழி. 2018-இல் அமெரிக்காவில் அப்படி ஒரு சோதனை நடந்தது. பெரியவர்கள் சிலரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினரை மட்டும் நான்கு வாரங்கள் ஃபேஸ்புக்கை நிறுத்தச் செய்தார்கள். அவர்களுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் மிச்சமாயிற்று. மனநிலையிலும் முன்னேற்றம் தெரிந்தது. சிறிய முன்னேற்றம்தான், ஆனாலும் அளக்கக்கூடியது.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள். தினமும் மூன்று விவரங்களைக் குறியுங்கள்: கைப்பேசி பார்த்த நேரம், தூங்கிய நேரம், படுக்கும்போது மனதில் இருந்த பதற்றத்துக்கு 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண். இரண்டாம் வாரம் ஒரே ஒரு மாற்றம்: இரவு 9 மணிக்குக் கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிடுங்கள். மற்றவை அப்படியே இருக்கட்டும். ஆய்வுக்கூடத்தில் ஒரு நேரத்தில் ஒரு மாறியைத்தானே மாற்றுகிறோம்? இரண்டு வாரங்களின் சராசரிகளையும் ஒப்பிடுங்கள். ஒருவரின் கணக்கை வைத்து உலகுக்கெல்லாம் விதி வகுக்க முடியாது. ஆனால் உங்களைப் பற்றி உங்களுக்குக் கொஞ்சம் தெரியவரும்.

மைக் ஊளையிட்டால் ஒலிபெருக்கிக்காரர் என்ன செய்கிறார்? ஒலியளவைக் குறைக்கிறார், மைக்கை வேறு பக்கம் திருப்புகிறார், அல்லது ஒலிபெருக்கியை விட்டுத் தள்ளி வைக்கிறார். நாமும் அதையே செய்யலாம். அறிவிப்பு மணிகளை அணைத்து வைக்கலாம். ஊரில் ஏதேனும் அபாயம் என்றால், மாவட்ட நிர்வாகமோ வனத்துறையோ சொல்வதைக் குறித்த நேரத்தில் இரண்டு முறை பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். வந்த வீடியோவை, எங்கே எப்போது எடுத்தது என்று தெரியாமல் அடுத்தவருக்குத் தள்ளாமல் இருக்கலாம். உங்கள் கையில் சுழல் அறுந்தால், உங்களுக்குப் பின்னால் இருக்கும் பலருக்கும் அந்த மணி அடிக்காது.

இவ்வளவு செய்தும் பயம் அடங்கவில்லை, பல நாள்களாகத் தூக்கமில்லை, படிப்பில் மனம் செல்லவில்லை என்றால் உள்ளுக்குள் வைத்துப் புழுங்காதீர்கள். அம்மாவிடமோ அப்பாவிடமோ, நம்பிக்கையான ஆசிரியரிடமோ சொல்லுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மனஸ்’ என்னும் அரசு மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில், இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். அதே கைப்பேசிதான், இந்த முறை அது உங்கள் அபாய மணியை அடக்க உதவும்.