கறுப்பு கார் கெத்துதான்... ஆனால், அம்பத்தூர் தூசிக்கு எந்த கலர் செட் ஆகும்?

"வெள்ளை கார் வேண்டாம்ப்பா, அழுக்கு பளிச்சுனு தெரியும். பேசாம கறுப்பு எடுத்துடு!" - முதல் கார் புக் பண்ணப் போகிற எல்லோருக்கும் ஒரு மாமாவோ சித்தப்பாவோ இந்த அட்வைஸைக் கொடுத்திருப்பார். வெள்ளைச் சட்டை யூனிஃபார்ம் போட்டு ஸ்கூலுக்குப் போனவர்களுக்கு இது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால், சட்டைக்குச் சரியாக வரும் லாஜிக், காருக்குச் சரியாக வராது. அதுவும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் ஓட்டப்போகிற கார் என்றால், சுத்தமாக வராது.

காரணம் சிம்பிள். சட்டையில் படிவது வியர்வை, எண்ணெய், குழம்பு, மை. எல்லாமே வெள்ளையைவிட அடர்த்தியான நிறம். காரில் வருஷத்தின் முக்கால்வாசி நாள் படிவது வெளிர் நிறத் தூசி. டவுட் இருந்தால், வீட்டில் இருக்கும் டி.வி-யைப் பாருங்கள். ரெண்டு நாள் துடைக்காமல் விட்டால், கறுப்பு ஸ்கிரீனில் விரலால் பெயர் எழுதலாம். அதே ஹாலில், அதே தூசி படிந்த வெள்ளை ஸ்விட்ச் போர்டு ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும்.

ஆக, 'எந்த கலரில் அழுக்கு தெரியாது?' என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. நம்ம ஏரியா அழுக்கு என்ன கலர்?

நாலு வகை அழுக்கு

முதலாவது, தூசி. சி.டி.ஹெச் ரோட்டில் தார் முடிந்ததும் மண் ஆரம்பிக்கிறது. லாரி ஓரம் கட்டி ஏறினாலே புழுதி கிளம்பும். பூந்தமல்லி பக்கம் கேட்கவே வேண்டாம். கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை சுமார் 26 கி.மீ நீளத்துக்கு மெட்ரோ இரண்டாம் கட்டப் பாதை. அந்த வேலைகளால் மண்ணோடு சிமென்ட் தூசியும் சேர்ந்துகொண்டது. ரெண்டும் கலந்தால் சாம்பலும் பழுப்புமான ஒரு நிறம். நம்ம ஏரியாவின் 'அஃபிஷியல் கலர்' அதுதான்.

இரண்டாவது, சேறு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அந்த மூன்று மாதங்களில் கதவின் கீழ்ப்பாதிக்கு மட்டும் தனி கலர் அடித்த மாதிரி ஆகிவிடும்.

மூன்றாவது, கரியும் இரும்புத்துகளும். 1960-களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இன்ஜினீயரிங் யூனிட்டுகள் ஏராளம். கிரைண்டிங் வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலோ, அம்பத்தூர், ஆவடி ரயில் பாதையை ஒட்டியோ தினமும் காரை நிறுத்தினால், கண்ணுக்குத் தெரியாத இரும்புத்துகள் பெயின்ட்டில் ஒட்டும். ஈரம் பட்டதும் துருப்பிடித்து, ஆரஞ்சுப் புள்ளிகளாகத் தெரியும்.

நான்காவது, மேலிருந்து விழுவது. மரத்துப் பிசின், பூ, காக்கா எச்சம். இதற்கு எந்த கலரும் விதிவிலக்கு இல்லை. எச்சம் பெயின்ட்டை அரிக்கும் என்பதால் பார்த்த அன்றே ஈரத்துணி வைத்து ஊறவிட்டு எடுத்துவிட வேண்டும்.

இந்த நாலில் வருஷம் முழுக்கக் கூடவே இருப்பது முதலாவதுதான். அதனால் தூசிக்குத்தான் முதலில் மார்க்.

கலர் வாரியா மார்க்

சில்வர்: சோம்பேறிகளின் சொர்க்கம். பெயின்ட்டுக்குள் இருக்கும் மெல்லிய அலுமினியச் செதில்கள் வெளிச்சத்தைப் பல பக்கமும் சிதறடிக்கும். அதனால் தூசி, சின்னக் கீறல், தண்ணீர்க்கறை மூன்றுமே கண்ணை ஏமாற்றிவிடும். ஒரு வாரம் கழுவாவிட்டாலும் ஓரளவு மானம் காப்பாற்றும். மைனஸ், டென்ட் எடுத்து டச்-அப் செய்தால் ஷேடு மேட்ச் ஆவது கொஞ்சம் கஷ்டம்.

நடுத்தர கிரே, பீஜ், ஷாம்பெயின்: தூசியின் நிறத்துக்கே மிக அருகில் இருப்பவை. மறைப்பதில் சில்வரோடு போட்டி போடும். ஆனால், 'கிரே' என்ற பெயரை மட்டும் நம்பக் கூடாது. கிட்டத்தட்ட கறுப்பாக இருக்கும் டார்க் கிரேக்கும் அதே பெயர்தான். அது கறுப்பின் தம்பி.

வெள்ளை: உலக அளவில் பத்து வருஷத்துக்கும் மேலாக அதிகம் விற்கும் கார் கலர். இந்தியாவிலும் அதற்குத்தான் முதலிடம். மெல்லிய தூசியை நன்றாகவே மறைக்கும். வழுக்குவது மழைக்காலத்தில். சேறு, தார்ப்புள்ளி, கதவுக் கைப்பிடிக்குக் கீழே வழியும் கறுப்புக்கோடு, போகி மறுநாள் கரி எல்லாம் தெரியும். ஆரஞ்சு இரும்புப் புள்ளிகளும் வெள்ளையில்தான் எடுப்பாகத் தெரியும். ஆனால், இவை எல்லாம் காரின் கீழ்ப்பகுதியிலோ அங்கங்கே புள்ளியாகவோ வருபவை. இருக்கிற இடத்தை மட்டும் கழுவினால் போதும். பேர்ல் ஒயிட் வேண்டும் என்றால் ஒன்றை யோசியுங்கள். அதில் ஒரு லேயர் கூடுதல். ரீ-பெயின்ட் செலவும் கூடும்.

சிவப்பு, நீலம்: நடுவில் நிற்பவை. ஷேடு எவ்வளவு டார்க்கோ, அவ்வளவு வேலை. மெட்டாலிக் என்றால் கொஞ்சம் பரவாயில்லை.

கறுப்பு: 2019-ல் ஹாரியருக்கு டாடா 'டார்க் எடிஷன்' கொண்டுவந்த பிறகு, முழுக் கறுப்பு கார்கள் மேல் ஒரு தனி க்ரேஸ். கழுவித் துடைத்த அந்தப் பத்து நிமிஷத்துக்கு கறுப்பை அடிக்க ஆளே கிடையாது. அம்பத்தூர் எஸ்டேட் சிக்னலைத் தாண்டுவதற்குள் அந்தப் பத்து நிமிஷம் முடிந்துவிடும். தூசி, சேறு, தண்ணீர்க்கறை, கீறல் நான்கும் தெரியும் ஒரே கலர் இதுதான்.

மேட் ஃபினிஷ்: கலர் எதுவானாலும் தினசரி ஓட்டத்துக்கு வேண்டாம். பாலிஷ் போட முடியாது. கீறல் விழுந்தால் தேய்த்து எடுக்கவும் முடியாது.

டூயல் டோனில் கறுப்பு ரூஃப் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கீழே நின்று பார்த்தால் உங்களுக்கு ரூஃப் தெரியாது. ஆனால், முதல் மாடி பால்கனியிலிருந்து பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கு நன்றாகத் தெரியும்.

வில்லன் தூசி மட்டும் இல்லை... துடைக்கிற துணியும்தான்

'தூசி தெரிந்தால் என்ன, தினமும் துடைத்துவிட்டால் போச்சு' என்கிறீர்களா? உண்மையான சேதம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கார் பெயின்ட்டின் மேலே, 'க்ளியர் கோட்' என்று ஒரு நிறமற்ற லேயர் இருக்கும். அதன் தடிமன் சுமார் 40 முதல் 50 மைக்ரான். நம் தலைமுடி சுமார் 70 மைக்ரான். அதாவது, பளபளப்பு மொத்தமும் முடியைவிட மெல்லிய ஒரு படலத்தில் இருக்கிறது. தூசியில் இருக்கும் மணலோ, சாதாரண இரும்பைவிடக் கடினம். காய்ந்த தூசி மேல் காய்ந்த துணியைப் போட்டுத் தேய்ப்பது, மெல்லிய உப்புத்தாளைத் தேய்ப்பது மாதிரிதான். வெயிலில் பார்த்தால் வட்ட வட்டமாக, சிலந்தி வலை மாதிரி கோடுகள் தெரியுமே... அது இப்படி விழுந்ததுதான்.

இதில் ஒரு விஷச்சக்கரம் இருக்கிறது. டார்க் கலரில் தூசி தெரிகிறது என்று தினமும் துடைப்போம். துடைக்கத் துடைக்கக் கீறல் விழும். அந்தக் கீறலும் டார்க் கலரில்தான் அதிகம் தெரியும். ஏழு வருஷ இ.எம்.ஐ-யில் எடுத்த கார், கடன் முடிவதற்குள் மங்கிப்போனால் விற்கும்போது அடி வாங்கப்போவது நீங்கள்தான். வெளிர் நிற கார்க்காரர் ரெண்டு நாள் துடைக்காமல் விடுகிறார். அவர் சோம்பல், அவர் பெயின்ட்டைக் காப்பாற்றுகிறது!

அப்பார்ட்மென்ட்டில் காலையில் ஒரு அண்ணன் வந்து கார் துடைக்கிறாரா? பல இடங்களில் ஒரே வாளித் தண்ணீர், ஒரே துணியில் பத்து கார் முடிந்துவிடும். தப்பு அவருடையது இல்லை. அவருக்குக் கிடைக்கும் காசும் நேரமும் அவ்வளவுதான். உங்கள் காருக்கென்று ரெண்டு மைக்ரோஃபைபர் துணி வாங்கிக் கொடுத்து, "தினமும் துடைக்க வேணாம்ணே, வாரம் ரெண்டு நாள் முதல்ல தண்ணி ஊத்திட்டுத் துடைங்க" என்று சொல்லிவிடுங்கள்.

போர் தண்ணீர் போடும் புள்ளிக்கோலம்

அடுத்த பிரச்னை, கழுவுகிற தண்ணீர். புறநகர்ப் பகுதியில் பெரும்பாலும் போர் தண்ணீர்தான். குடிநீருக்கான இந்தியத் தரக் குறியீட்டின்படி, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை கரைந்த உப்புகள் (டி.டி.எஸ்) இருக்கலாம். வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை. உங்கள் போர் தண்ணீர் 1,000 என்று வைத்துக்கொள்வோம். 20 லிட்டர் வாளியில் 20 கிராம் உப்பு. மூன்று, நான்கு டீஸ்பூன் உப்பைக் கரைத்துக் காரில் ஊற்றுகிறோம் என்று அர்த்தம். தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு போகாது. வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகளாக நிற்கும்.

வெள்ளை, சில்வர் காரில் அது கண்ணில் படாது. கறுப்பில் புள்ளிக்கோலம் போட்ட மாதிரி தெரியும். போதாக்குறைக்கு டார்க் கார் வெயிலில் சீக்கிரம் சூடாவதால், துடைப்பதற்கு முன்பே தண்ணீர் காய்ந்துவிடும்.

இங்கே பலர் செய்யும் ஒரு காரியம், ஆர்.ஓ மெஷின் வெளியேற்றும் தண்ணீரைப் பிடித்துக் கார் கழுவுவது. வீணாக்காத மனசு நல்லதுதான். ஆனால், ஆர்.ஓ வடிகட்டி ஒதுக்கிய உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. அதை மிதியடி, டயருக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏ.சி-யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. அதை ஒரு பாட்டிலில் பிடித்துவைத்து, கடைசித் துடைப்புக்குப் பயன்படுத்தலாம்.

'செராமிக் கோட்டிங் போட்டால் கழுவவே வேண்டாம்' என்பதும் முழு உண்மை இல்லை. அழுக்கு சுலபமாகப் போகும், அவ்வளவுதான். தூசி படிவதை அது தடுக்காது. தண்ணீர் முத்து முத்தாக நிற்கும்போது துடைக்காமல் விட்டால், அந்த முத்துகளும் உப்புப் புள்ளிகளாகும்.

தண்ணீர்க் கணக்கையும் பார்த்துவிடலாம். ஹோஸ் பைப்பில் நிமிஷத்துக்கு 10 லிட்டர் என்றாலே, பத்து நிமிஷத்துக்கு 100 லிட்டர். இரண்டு வாளி என்றால் 40 லிட்டரில் முடியும். 2019 கோடையில் புழலும் செம்பரம்பாக்கமும் வறண்டு, குடிக்கிற தண்ணீருக்கே லாரி பின்னால் ஓடியது நமக்கு மறந்திருக்காது. 2024 மார்ச்சில் பெங்களூரில் குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். அப்படி ஒரு கோடை திரும்ப வந்தால், கழுவாமலே பத்து நாள் தாங்குகிற கலர் எது என்பது ஸ்டைல் விஷயமாக இருக்காது.

சில்வருக்கு எதிராக ஒரு பாயின்ட்

இவ்வளவு சொன்ன பிறகு இதையும் சொல்லியாக வேண்டும். தூசியில் அழுக்கு தெரியாத கார், தூசியில் எதிரே வருபவருக்கும் சட்டென்று தெரியாது. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், பகல் நேரத்தில் வெள்ளை கார்களோடு ஒப்பிட்டால் கறுப்பு, கிரே, சில்வர் கார்களுக்கு விபத்து ரிஸ்க் சுமார் 10 சதவிகிதம் கூடுதல் என்று தெரியவந்தது. சில்வர், கிரே எடுப்பவர்கள் மழையிலும் மூடுபனியிலும் ஹெட்லைட்டைப் போட்டே ஓட்டுங்கள்.

வெயில் கணக்கு வெளிர் நிறத்தின் பக்கம். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் 2011-ல் ஒரு கறுப்பு கார், ஒரு சில்வர் கார் இரண்டையும் வெயிலில் நிறுத்திப் பார்த்தது. சில்வரின் கூரை 25 டிகிரி வரை குறைந்த சூட்டில் இருந்தது, உள்ளே காற்று 5 முதல் 6 டிகிரி குறைவு. கத்திரி வெயிலில் ஆவடி ஸ்டேஷன் பக்கம் நாள் முழுக்கக் காரை நிறுத்துபவர்களுக்கு, சாயங்காலம் கதவைத் திறக்கும்போது இது புரியும்.

புக் பண்றதுக்கு முன்னாடி...

ஷோரூமில் பார்த்து கலரை முடிவு செய்யாதீர்கள். அங்கே எல்.இ.டி வெளிச்சத்தில், ஒரு நாளைக்கு நாலு முறை துடைத்த கார் நிற்கும். அதற்குப் பதில், உங்கள் தெருவிலோ ஸ்டேஷன் பார்க்கிங்கிலோ அதே கலர் கார் ஒன்றை, கழுவாத நாளில் பாருங்கள். காலை வெயிலில், பத்தடி தள்ளி நின்று. கதவின் கீழ்ப்பாகம், பானட், பின்பக்கக் கண்ணாடிக்குக் கீழே என மூன்று இடங்கள் போதும். 'இதை என்னால் தினமும் பார்க்க முடியும்' என்று தோன்றினால் அதுதான் உங்கள் கலர்.

அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். காரின் நிறம் ஆர்.சி-யிலேயே பதிவாகியிருக்கும். மாற்றினால் ஆர்.டி.ஓ ஆபீஸ் போய் அதையும் மாற்ற வேண்டும்.

சுருக்கமாக: மூடிய பார்க்கிங் இல்லை, கழுவ நேரமும் இல்லை என்றால் சில்வர் அல்லது நடுத்தர கிரே. ரோட்டில் பளிச்சென்று தெரிய வேண்டும், உள்ளே சூடும் குறைய வேண்டும் என்றால் வெள்ளை. மழைக்கால சேற்றை மட்டும் சமாளித்தால் போதும். மனசு கறுப்பில்தான் நிற்கிறது, மூடிய பார்க்கிங்கும் ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மணி நேரமும் இருக்கிறது என்றால், தாராளமாகக் கறுப்பு எடுங்கள். காருக்கு முன்னால் ரெண்டு வாளி, நாலு மைக்ரோஃபைபர் துணி வாங்கிவைத்துவிடுங்கள்!