பின்னாசனத்தில் பெற்றோல் மணக்கிறதா?



மாவனல்லையிலிருந்து கண்டிக்கு ஒரு வலீமா விருந்துக்குப் புறப்படுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். காலையிலேயே பெற்றோல் செட்டுக்குப் போய்த் தாங்கியை நிரப்பியாயிற்று. கணவர் ஓட்டுகிறார், பக்கத்தில் மாமனார். கைக்குழந்தையோடும் மூத்த பிள்ளைகள் இருவரோடும் நீங்கள் பின்னால் இருக்கிறீர்கள். கடுகண்ணாவ ஏற்றத்தில் உங்கள் பழைய மொறிஸ் மைனர் வளைந்து வளைந்து ஏறும்போது ஒரு நெடி மூக்கில் ஏறுகிறது.

“பெற்றோல் மணக்குதே!” என்கிறீர்கள்.

“பழைய கார் என்றால் அப்படித்தான். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி விடு” என்று முன்னாலிருந்து பதில் வருகிறது.

நீங்களும் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பேசாமல் இருந்து விடுகிறீர்கள். அப்படிப் பேசாமல் இருக்க வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பழைய கார் என்றால் மணக்கத்தான் வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமான மொறிஸ் மைனரின் உற்பத்தி 1970களின் தொடக்கத்தில் நின்று போனது. ஆயினும் நம் நாட்டு வீதிகளில் அது இன்றும் ஓடுகிறது. நன்றாகப் பராமரிக்கப்பட்ட ஒரு மைனரில் ஏறிப் பாருங்கள். தோல் மணக்கும், ஒயில் சற்று மணக்கும், பெற்றோல் மணக்காது. பிள்ளைகள் இருக்கும் இடத்தில் பெற்றோல் மணக்கிறது என்றால் எங்கோ ஒரு மூட்டு, ஒரு வளையம், ஒரு குழாய் தன் வேலையைச் செய்யவில்லை என்றே பொருள்.

உங்கள் மூக்கே முதல் சாட்சி

ஒரே வாடையை நாள்தோறும் முகரும் மூக்கு கொஞ்ச நேரத்தில் அதை உணராமல் மரத்துப் போகும். தினமும் ஓட்டுபவருக்குத் தெரியாத நெடி, வாரத்தில் ஒருநாள் ஏறுகின்ற உங்களுக்குத் தெரிவது இதனால்தான். மேலும் மைனர் காரின் தாங்கி டிக்கித் தளத்தின் கீழே இருக்கிறது. டிக்கிக்கும் பின்னாசனத்துக்கும் இடையில் காற்றைத் தடுக்கின்ற இறுக்கமான சுவர் கிடையாது. ஆகவே நெடி முதலில் வருவது உங்களிடமும் பிள்ளைகளிடமும்தான்.

இதில் அலட்சியம் ஏன் கூடாது? பெற்றோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து போகும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்களவு கலந்தாலே தீப்பற்றப் போதும். அதிலுள்ள பென்சீன் என்ற பொருள், நெடுநாள் சுவாசித்தால் இரத்தப் புற்றுநோயைத் தோற்றுவிக்கக் கூடியது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் ஏறும் வாகனத்தில் இதைச் சின்ன விஷயம் என்று தள்ள முடியாது.

எப்போது மணக்கிறது என்று கவனியுங்கள்

எப்போது மணக்கிறது என்று தெரிந்தால், எங்கே கசிகிறது என்பது பாதி தெரிந்துவிடும். இதைக் கவனிக்க மெக்கானிக்காக இருக்கத் தேவையில்லை.

தாங்கியை நிரப்பிய அன்றும், வளைவுகளிலும் ஏற்றங்களிலும் மட்டும் மணந்து, பாதி தீர்ந்ததும் நின்றுவிடுகிறதா? அப்படியென்றால் கோளாறு தாங்கியின் மேற்பகுதியில். பெற்றோல் அளவைக் காட்டும் முள்ளை இயக்குகின்ற கருவி தாங்கியின் மேலே, சிறு திருகாணிகளால் பூட்டப்பட்டிருக்கும். அதன் அடியில் ஒரு கோர்க் வளையம் உண்டு. வருடக் கணக்கில் காய்ந்து அது வெடித்துவிடும். தாங்கி நிறைந்திருக்கும்போது பெற்றோல் அலைமோதி அந்த வெடிப்பால் வெளியே வரும். மூடியின் உள்வளையத்தையும், பெற்றோல் ஊற்றும் கழுத்தைச் சுற்றியுள்ள றப்பரையும் அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். உறுதிப்படுத்த ஓர் எளிய வழி: ஒரு வாரம் தாங்கியைப் பாதிக்கு மேல் நிரப்பாமல் ஓடிப் பாருங்கள். நெடி வராவிட்டால் குற்றவாளி மேலேதான் இருக்கிறான். கோர்க் வளையத்தை மாற்றுவது சிறு செலவு.

அடுத்தது காதுக்கான சோதனை. மைனரில் பெற்றோலை இறைப்பது எஸ்.யூ. மின்பம்ப். பொனட்டின் உள்ளே, எஞ்சினுக்குப் பின்னுள்ள தகட்டுச் சுவரில் அது இருக்கும். சாவியைத் திருப்பி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் காது கொடுங்கள். ‘டிக் டிக் டிக்’ என்று சில தடவை அடித்துவிட்டு அது ஓய்ந்துவிட வேண்டும். காபரேட்டரின் கிண்ணம் நிறைந்துவிட்டது என்பதே அந்த மௌனத்தின் பொருள். ஓயாமல் அடித்துக்கொண்டே இருந்தால், ஒன்றில் பெற்றோல் எங்கோ வெளியே போகிறது. அல்லது பம்புக்கு வரும் குழாயில் காற்று இழுக்கிறது. அல்லது தாங்கியே காலி. ஆனால் நெடி பலமாக இருக்கும்போது இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. அப்போது சாவியைத் தொடாமல் இருப்பதே பாதுகாப்பு.

ஓடி வந்து நிறுத்திப் பத்து நிமிடத்தில், முன்பக்கம் மணக்கிறதா? நம் நாட்டு வெயிலில் சூடான எஞ்சினின் மேல் காபரேட்டரில் தங்கிய பெற்றோல் சற்று ஆவியாவது இயல்பு. பொனட்டைத் திறந்தால் மெலிதாக மணப்பதோடு அது நிற்கும். காபரேட்டரின் வெளிப்புறம் ஈரமாக இருந்தாலோ, வழிகுழாயில் சொட்டினாலோ அது இயல்பல்ல. கிண்ணத்துக்குள் ஒரு மிதவையும் ஓர் ஊசியும் உண்டு. கிண்ணம் நிறையும்போது மிதவை எழுந்து ஊசியைத் தள்ளி வழியை அடைக்கும். ஊசி தேய்ந்தாலும், அதன் இருக்கையில் தூசு சிக்கினாலும் வழி அடைபடாது. பித்தளை மிதவையில் துவாரம் விழுந்தால் அது மூழ்கிவிடும்; கழற்றிக் காதருகே குலுக்கினால் உள்ளே பெற்றோல் சளசளக்கும்.

இந்தக் கசிவை மட்டும் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். மைனர் எஞ்சினில் காபரேட்டரும், புகை வெளியேறும் சூடான இரும்புக் குழாயும் ஒரே பக்கத்தில், ஒன்றன் கீழ் ஒன்றாக அமைந்திருக்கின்றன. சொட்டும் பெற்றோல் விழும் இடம் அதுவாகவே இருக்கலாம்.

எந்நேரமும், நிற்கும் இடத்திலும் மணக்கிறதென்றால் தாங்கியின் அடித் தகடு துருப்பிடித்திருக்கலாம். அல்லது குழாய் மூட்டு தளர்ந்திருக்கலாம். பெற்றோல் விரைவில் ஆவியாகிவிடுவதால் ஈரம் தெரியாது. ஆனால் கபில நிறக் கறை மிஞ்சும். திறந்த வெளியில் காரை நிறுத்தி, கீழே சுத்தமான காட்போட் மட்டை ஒன்றை விரித்து வைத்துக் காலையில் பாருங்கள். தண்ணீருக்குப் பாவிக்கும் பிளாஸ்டிக் ஹோஸை பெற்றோல் வழியில் யாராவது மாட்டியிருந்தால் அதுவும் இறுகி வெடிக்கும். பெற்றோலுக்கென்றே செய்த ஹோஸும் நல்ல கிளிப்பும்தான் போட வேண்டும்.

உங்களுடையது 1980களில் வந்த ஜப்பான் கார் என்றால் இன்னும் இரண்டு இடங்கள். அவற்றில் பல, எஞ்சினோடு இணைந்த பம்பைக் கொண்டவை. அதன் உள் றப்பர்த் தகடு கிழிந்தால் பெற்றோல் எஞ்சின் ஒயிலில் கலக்கும். ஒயில் பார்க்கும் கம்பியை முகர்ந்தால் தெரிந்துவிடும். அப்போது ஓட்டக் கூடாது. மற்றது, ஆவியைப் பிடித்து வைக்கும் கரிப் பேணி. செட்டில் பம்ப் தானாக நின்ற பிறகும் ‘இன்னும் கொஞ்சம்’ என்று அமுக்கி நிரப்பினால் அந்தக் கரி நனைந்து கெட்டுவிடும். காபரேட்டர் இல்லாத புதுமாதிரி எஞ்சின்களில் பெற்றோல் அழுத்தத்தோடு வருவதால், அவற்றின் குழாய்களை வீட்டில் யாரும் கழற்றக் கூடாது.

கருகிய, கண் எரிக்கும் வாடை வந்தால் அது சைலன்சர் புகை. சோக்கை உள்ளே தள்ள மறந்தாலும் கறுப்புப் புகையோடு பெற்றோல் மணக்கும். டிக்கியின் றப்பர் பட்டி தேய்ந்திருந்தால் அந்தப் புகை உள்ளே வரும். அதிலுள்ள காபன் மொனொக்சைட் என்ற நச்சுவாயுவுக்கு மணமே கிடையாது. தலைவலித்து, பிள்ளைகள் காரணமின்றி மயங்கிச் சாய்ந்தால் உடனே காரை நிறுத்தி எல்லோரும் வெளிக்காற்றுக்கு வந்துவிடுங்கள்.

செய்யக் கூடாதவை

கசிவைத் தேடத் தீக்குச்சி, லைட்டர், குப்பி விளக்கு எதையும் கிட்டக் கொண்டு போகாதீர்கள். பகல் வெளிச்சமே போதும். வீட்டோடு ஒட்டிய கராஜில் கார் நின்றால், தரையோடு தவழும் ஆவி வாசற்படி தாண்டி அடுப்பங்கரைக்கு வரும். நுளம்புச் சுருளும் சாம்பிராணிச் சட்டியும் அதற்குப் போதுமான நெருப்புத்தான். கோளாறு தீரும்வரை காரை வெளியே நிறுத்துங்கள்.

வாயால் ஹோஸை உறிஞ்சிப் பெற்றோல் இறக்க யாரையும் விடாதீர்கள். ஒரு மிடறு நுரையீரலுக்குள் போனாலே உயிராபத்து. யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது; உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

தாங்கியில் ஓட்டை விழுந்தால் சவர்க்காரத்தை அழுத்தி அடைப்பது பழைய கைமருந்து. கராஜ் வரை போகவே அது உதவும். ஆனால் கழற்றிய தாங்கியை அப்படியே வெல்டிங் செய்ய ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். வெறுந் தாங்கி நிறைந்த தாங்கியைவிட ஆபத்தானது. உள்ளே நிற்பது முழுவதும் ஆவி. முறைப்படி கழுவி ஆவி நீக்கத் தெரிந்தவரிடமே அந்த வேலையைக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வேறு தாங்கி போட வேண்டும்.

2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது கேன்களிலும் போத்தல்களிலும் பெற்றோலைச் சேர்த்து வைத்த பழக்கம் சில வீடுகளில் இன்னும் போகவில்லை. கசிவைத் தேடுமுன் டிக்கியைத் திறந்து பாருங்கள். மூடி தளர்ந்த ஒரு கேன் அங்கே சாய்ந்து கிடக்கலாம்.

இவையெல்லாவற்றையும்விடப் பெரிய தவறு ஒன்றுண்டு. அத்தர் தெளித்தும் வாசனைப் போத்தல் தொங்கவிட்டும் நெடியை மறைப்பதுதான் அது. எச்சரிக்க வந்த சாட்சியின் வாயைக் கட்டுவதற்கு அது சமம்.

கராஜில் என்ன சொல்வது?

“பெற்றோல் மணக்குது, பாருங்க” என்று மட்டும் சொன்னால் மெக்கானிக் எல்லாவற்றையும் கழற்றுவார், செலவும் ஏறும். “தாங்கி நிறைந்தால் மட்டும் பின்னால் மணக்குது, பாதியானதும் இல்லை” என்று சொல்லி அனுப்பினால் அவர் நேரே உரிய இடத்துக்குப் போவார். என்றைக்கு மணந்தது, எவ்வளவு பெற்றோல் இருந்தது, ஓடும்போதா நின்ற பிறகா, முன்னாலா பின்னாலா என்று ஒரு துண்டுக் காகிதத்தில் நீங்களே எழுதிக் கணவரிடம் கொடுங்கள்.

வழியில் நெடி திடீரெனப் பலமானால் ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, முதலில் பிள்ளைகளை இறக்குங்கள். தீ பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. பெற்றோல் தண்ணீரில் மிதந்து தீயைப் பரப்பும். மணல் அல்லது தூள் வகைத் தீயணைப்பான்தான் உதவும். சிறிய தீயணைப்பான் ஒன்றை முன்னாசனத்தின் அருகே, கைக்கெட்டும் இடத்தில் வைத்திருப்பது நல்லது.

வேலை முடிந்த பிறகும் விரிப்பில் ஊறிய நெடி சில நாள் நிற்கும். விரிப்புகளைக் கழற்றி வெயிலில் காய வைத்து, அப்பச்சோடா தூவி ஓர் இரவு விட்டுத் தட்டிவிடுங்கள். பெற்றோல் பட்ட உடுப்பை நன்றாகக் காற்றில் உலர்த்தாமல் சலவை யந்திரத்தில் போடாதீர்கள். ஒரு வாரம் கழிந்தும் மணந்தால் கசிவு இன்னும் இருக்கிறது என்றே கொள்ளுங்கள்.

சகோதரிகளே, காரின் சாவி கணவரின் கையில் இருக்கலாம். ஆனால் பின்னாசனத்தில் உங்கள் மடியில் இருப்பது உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அடுத்த முறை அந்த நெடி வந்தால் கண்ணாடியை இறக்குங்கள். அதோடு நின்றுவிடாமல் மீண்டும் சொல்லுங்கள். முன்னாலிருப்பவர் காரை ஓரமாக நிறுத்தும் வரை சொல்லுங்கள்.