ஐந்து மணி நேரமும் இருபத்தைந்து மதிப்பெண்ணும்

பி.காம். ஆகட்டும், தமிழ் இலக்கியம் ஆகட்டும், இன்று பட்டப்படிப்பு படிக்கிற பிள்ளைகள் எல்லாம் சுற்றுச்சூழல் கல்வி என்று ஒரு தாளை எழுதித் தேறித்தான் வெளியே வருகிறார்கள். அவர்கள் வாயில் அது 'ஈ.வி.எஸ்.'. 2004-ல் நாடு முழுக்கக் கட்டாயமான அந்தத் தாளுக்கு 2024-ல் இருபது ஆண்டு நிறைந்தது. அதைக் கொண்டாட எங்கள் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பழைய மாணவர்களையும் இப்போது படிக்கிறவர்களையும் சேர்த்துக் கூட்டம் வைத்தார்கள். என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். அங்கே பேசியதையும் நேரம் போதாமல் விட்டதையும் இங்கே எழுதுகிறேன். நமக்கு இதில் வேலை இருக்கிறது.

இந்தத் தாள் வந்ததே ஒரு வழக்கால்தான். வழக்கறிஞர் எம்.சி. மேத்தா உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1991 நவம்பர் 22-ல் தீர்ப்பு வந்தது. பள்ளி, கல்லூரிகளில் சுற்றுச்சூழலைப் பாடமாக்கச் சொன்ன அதே தீர்ப்பு, சினிமா கொட்டகைகளில் ஒவ்வொரு காட்சிக்கும் சுற்றுச்சூழல் பற்றி இரண்டு சிலைடாவது இலவசமாகக் காட்டவும் சொன்னது. (படம் ஆரம்பிக்கும்வரை வெளியே முறுக்கு வாங்கிக்கொண்டு நிற்கிற ஊரில் அதை யார் பார்த்தார்களோ!) பல்கலைக்கழக மானியக் குழு எல்லாப் பட்டப்படிப்புக்கும் பொதுவான பாடத்திட்டம் தயாரித்தது. எராக் பரூச்சா பாடநூல் எழுதினார்.

அந்தப் பாடத்திட்டத்தை வாங்கிப் படித்துப் பார்த்தேன். மொத்தம் 50 வகுப்பு, எட்டு அலகு. எட்டாவது அலகு களப்பணி, 5 வகுப்பு நேரத்துக்குச் சமம். உள்ளூர் ஆறு, காடு, மலை எதையாவது பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். மாசுபட்ட ஓர் இடத்துக்குப் போக வேண்டும். சாதாரணமாகக் கண்ணில் படுகிற செடி, பூச்சி, பறவைகளைப் படிக்க வேண்டும். 100 மதிப்பெண்ணில் 25 இதற்கு. பத்தில் ஒரு பங்கு நேரம் போட்டால் நாலில் ஒரு பங்கு மதிப்பெண்! வங்கியில் இருந்த காலத்தில் எந்த டெபாசிட்டுக்கும் நான் இவ்வளவு வட்டி கொடுத்ததில்லை.

ஆனால் பல இடங்களில் நடப்பது என்ன? ஒரு மரக்கன்று, ஒரு போட்டோ, சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதிய ஒரு ரெக்கார்டு. கதை முடிந்தது. 2023-ல் வந்த புது வழிகாட்டுதல் இந்தப் பாடத்துக்குக் குறைந்தது 4 கிரெடிட் என்கிறது. கிரெடிட் கூடினால் மட்டும் போட்டோ மாறிவிடுமா?

கூட்டத்தில் பழைய மாணவர் ஒருவர், இப்போது அப்பாவின் திராட்சைத் தோட்டத்தைப் பார்க்கிறவர், எழுந்து சொன்னார்: "அய்யா, ஓசோன் ஓட்டையப் பத்திப் பத்து மார்க் கேள்விக்கு நல்லா எழுதினேன். எங்க தோட்டத்து மண்ணப் பத்தி ஒரு வரி எழுதச் சொல்லல." எல்லாரும் சிரித்தார்கள். அடுத்து அவர் கேட்டதற்கு யாரும் சிரிக்கவில்லை. "இப்ப ரசாயனத்த விட்டாச்சு. அடிச்சாம்பலுக்குப் போர்டோ கலவை மட்டும்தான். அது தப்பில்லதானேய்யா?"

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆண்டு முழுக்கக் காய்க்கிற கொடி என்பது அதன் பெருமை. ஆண்டு முழுக்க இலை இருந்தால் நோய்க்கும் ஆண்டு முழுக்க இடம் உண்டு. ஆகவே கணக்குப் பார்ப்போம் தம்பி என்றேன். ஒரு சதவீதக் கலவைக்கு 100 லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு. துத்தத்தில் கால் பங்கு செம்பு. ஏக்கருக்கு 400 லிட்டர் அடிப்பதாக வைத்துக்கொண்டால் ஒரு தடவைக்கு ஒரு கிலோ செம்பு. ஐரோப்பிய ஒன்றியம் ஹெக்டேருக்கு ஏழு ஆண்டில் 28 கிலோவுக்கு மேல் செம்பு போகக் கூடாது என்கிறது. சராசரி பார்த்தால் ஏக்கருக்கு ஆண்டுக்கு 1.6 கிலோ. இரண்டாவது தடவை அடிக்கும்போதே தாண்டிவிடுகிறோம்!

இயற்கைச் சான்றளிப்பிலும் செம்புக்குக் கட்டுப்பாட்டோடுதான் அனுமதி. காரணம் எளிது. செம்பு மக்காது, ஆவியாகாது, மேல்மண்ணிலேயே தங்கும். வரவு மட்டும் ஏறுகிற கணக்கு அது. எடுப்பு என்பது கொஞ்சம்தான். ஏற ஏற மண்புழு குறையும், நல்ல பூஞ்சாணமும் அடிபடும். கவாத்தைச் சரியாகச் செய்து பந்தலுக்குள் காற்றும் வெளிச்சமும் போகவிட்டு, தெளிப்பைக் குறைப்பதுதான் வழி.

அவரும் மாணவர்களும் சேர்ந்து செய்ய ஒரு களப்பணி சொன்னேன். நீங்களும் உங்கள் ஊர்க் கல்லூரிக்குச் சொல்லலாம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தோட்டம் எடுங்கள், ஒன்று ரசாயனம், ஒன்று நம்முடையது. இரண்டிலும் ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரடி ஆழம் குழி வெட்டி மண்புழுவை எண்ணுங்கள். அடிப்பாகம் வெட்டிய பெயின்ட் டப்பாவை மண்ணில் நாலு விரல் இறக்கி, ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, உறிஞ்சி முடிய எத்தனை நிமிடம் என்று பாருங்கள். பத்துச் செடியில் இலையின் மேலும் கீழும் பார்த்து, தின்கிற பூச்சி எத்தனை, அதைப் பிடிக்கிற சிலந்தியும் பொறிவண்டும் எத்தனை என்று குறியுங்கள். நம் தோட்டம் தோற்றாலும் அதை அப்படியே எழுத வேண்டும்.

நேரம் மிச்சமிருந்தால் முல்லையாற்றுத் தண்ணீர். லோயர் கேம்ப்பில் ஒரு பாட்டில், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் எல்லாம் தாண்டி வீரபாண்டியில் ஒரு பாட்டில். இரண்டையும் மேசையில் பக்கத்தில் வைத்தால் மாசு பற்றிய அலகில் பாதியை ஆசிரியர் நடத்த வேண்டியதில்லை.

பழைய மாணவர்களுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. முதல் அணியில் படித்தவர்களுக்கு இப்போது நாற்பதை ஒட்டிய வயது. பலர் கையில் சொந்தத் தோட்டம் இருக்கிறது. நினைவுப் பரிசை விட, ஆண்டுக்கு ஒரு நாள் தோட்டத்து வாசலைத் திறந்துவிட்டால் கல்லூரிக்கு லாபம். அதே குழியை அதே இடத்தருகில் அடுத்த ஆண்டும் வெட்டினால் பத்து ஆண்டில் நமக்கும் ஒரு பதிவேடு கிடைக்கும்.

கேள்வி கேட்ட தம்பி அந்த வாரமே மண் மாதிரி எடுத்துவிட்டார். மண் பரிசோதனைக்குக் கொடுக்கும்போது நுண்ணூட்டச் சத்துகளையும் பார்க்கச் சொல்லுங்கள், செம்பு அதில்தான் வரும். பிள்ளைகளைக் காலை ஏழு மணிக்கே வரச் சொல்லுங்கள். முந்தின நாள் தண்ணீர் பாய்ந்திருந்தால் நல்லது; மண் காய்ந்து வெயிலும் ஏறிவிட்டால் புழு கீழே போய்விடும், குழி வெட்டியும் பலனில்லை.