"இதிலும் தோற்றுவிடுவேனோ?"
உடல் பருமன் குறைப்பு அறுவை சிகிச்சைக்கு முன் எழும் அச்சமும் அதை எதிர்கொள்ளும் வழிகளும்

கடலூர்த் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டதும், மீனவ மக்கள் படகுகளைக் கரையேற்றிக் கட்டுகின்றனர், வலைகளைப் பத்திரப்படுத்துகின்றனர். கூண்டின் எண்ணைப் பார்த்து அதற்கேற்ப ஆயத்தமாகின்றனர். கூண்டு புயலை வரவழைப்பதும் இல்லை, தடுப்பதும் இல்லை. செய்யவேண்டிய வேலையை நினைவூட்டுகிறது. உடல் பருமனைக் குறைக்கும் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தபின் மனத்தில் எழும் அச்சத்தையும் இவ்வாறே கொள்ளலாம்.

இச்சிகிச்சைக்கு ஆயத்தமாவோர் பலரிடம், கத்தியைப் பற்றிய அச்சத்தைக் காட்டிலும் ஆழமான வேறோர் அச்சம் இருக்கிறது. "எத்தனையோ முறை எடையைக் குறைத்துப் பார்த்துவிட்டேன், குறைந்ததெல்லாம் திரும்ப ஏறிவிட்டது. இதுவே கடைசி வழி என்கிறார்கள். இதிலும் தோற்றுவிட்டால் என்ன செய்வேன்?" என்பதே அது. பலர் இதனை மருத்துவரிடம் சொல்வதில்லை. சொன்னால் சிகிச்சைக்குத் தகுதியற்றவர் என ஒதுக்கிவிடுவார்களோ எனத் தயங்குகின்றனர். வீட்டாரிடமும் சொல்வதில்லை; அவர்களுடைய நம்பிக்கையைக் குலைக்க மனம் வருவதில்லை. அவ்வாறு மௌனமாக அஞ்சுவோருக்காகவும் அவர்தம் குடும்பத்தினருக்காகவும் இக்கட்டுரை எழுதப்படுகிறது.

முந்தைய தோல்விகள் யாருடையவை?

தோல்வியைப் பற்றிய அச்சத்துக்குப் பழைய அனுபவங்களே வேர். பட்டினி கிடந்தும் நடைப்பயிற்சி செய்தும் எடை குறைந்தது; சில மாதங்களில் மீண்டது. ஒவ்வொரு முறையும் "எனக்கு மன உறுதி இல்லை" என்ற முடிவு மனத்தில் பதிந்தது. ஆனால் உடலியல் கூறுவது வேறு.

இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்னும் அறிஞர் ஓர் ஆய்வை நடத்தினார். உடலும் மனமும் நலமாக இருந்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து, ஏறத்தாழ ஆறு மாதங்கள் குறைந்த உணவை உண்டனர். உடல் எடையில் கால் பங்கு அளவுக்கு இழந்தனர். அவர்கள் எவரும் பருமனானவர்களோ மன உறுதியற்றவர்களோ அல்லர். ஆயினும் பசி அவர்களை ஆட்கொண்டது. பகலெல்லாம் உணவைப் பற்றியே எண்ணினர். சமையல் நூல்களை எடுத்து வைத்துப் படித்தனர். சோர்வுக்கும் எரிச்சலுக்கும் ஆளாயினர். எடை குறையும்போது உடல் தன் செலவைச் சுருக்கிப் பசியைக் கூட்டுகிறது. பஞ்சக் காலத்தில் உயிரைக் காக்க அமைந்த அந்த ஏற்பாடு, இக்காலத்தில் எடை குறைக்க முயல்வோருக்கு எதிராக நிற்கிறது.

இன்று பெரிதும் செய்யப்படும் ஸ்லீவ் முறையில், இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேற்பட்ட பகுதி அகற்றப்படுகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் ஹார்மோன் அப்பகுதியிலிருந்தே மிகுதியாகச் சுரக்கிறது. பைபாஸ் முறையில், உணவு குடலை அடையும் வழி மாற்றப்படுவதால், நிறைவைத் தெரிவிக்கும் ஹார்மோன்கள் கூடுகின்றன. ஆகவே அறுவை சிகிச்சைக்குப் பின் நீங்கள் மேற்கொள்ளும் முயற்சி, பழைய முயற்சியின் மறுபதிப்பு அன்று. அதே மனிதர்தாம்; ஆனால் எதிர்த்து நின்ற பசி ஓரளவு அடங்கிய நிலையில் தொடங்குகிறீர்கள்.

இவ்வழியில் நீங்கள் தனியராகவும் இல்லை. 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 40.4 சதவீதத்தினரும் ஆண்களில் 37 சதவீதத்தினரும் மிகை எடையோ பருமனோ கொண்டவர்கள். இத்தனை பேரின் நிலையைத் தனி மனிதரின் ஒழுக்கக் குறையாகக் கருதுவது பொருந்தாது.

எதைக் கொண்டு அளப்பது?

தோல்வி எது என்பதை வரையறுக்காமலே தோல்விக்கு அஞ்சுகிறோம். "இலக்கு எடையை எட்டாவிட்டால் தோல்வி, எட்டியபின் ஒரு கிலோ ஏறினாலும் தோல்வி" என்பதே பலர் தமக்கு விதித்துக்கொள்ளும் அளவுகோல். இந்த அளவுகோலால் அளந்தால் தேறுவோர் அரியர்.

ஸ்வீடன் நாட்டில் 1987இல் தொடங்கி, நான்காயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு இங்கே துணைபுரியும். அதில் இரைப்பை பைபாஸ் செய்துகொண்டோர் முதல் ஓரிரு ஆண்டுகளில் சராசரியாக உடல் எடையில் 32 சதவீதத்தை இழந்தனர். பத்தாண்டுகள் கழிந்தபோது அந்த இழப்பு 25 சதவீதமாக இருந்தது. வழக்கமான சிகிச்சையில் தொடர்ந்தோரின் சராசரி எடையோ இரண்டு சதவீத ஏற்ற இறக்கத்துக்குள்ளேயே நின்றது.

இதனை ஒரு கணக்காகப் பாருங்கள். 120 கிலோ எடையுள்ள ஒருவர் 32 சதவீதம் குறைந்தால் ஏறத்தாழ 82 கிலோவுக்கு வருவார். பத்தாண்டுகளில் 90 கிலோ ஆவார். "எட்டுக் கிலோ ஏறிவிட்டதே" என்று அவர் வருந்தக்கூடும். ஆனால் அவர் தொடங்கிய இடத்திலிருந்து 30 கிலோ குறைவாகவே இருக்கிறார். அதே ஆய்வில், அறுவை சிகிச்சை செய்துகொண்டோரின் இறப்பு விகிதம் மற்றவர்களைவிட ஏறத்தாழ 29 சதவீதம் குறைந்திருந்தது. ஸ்லீவ் முறைக்கு இந்த எடைக் கணக்கு அப்படியே பொருந்தாது. உங்கள் வயது, நோய், முறை ஆகியவற்றுக்கு உரிய எதிர்பார்ப்பை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். எனினும் முதலில் வேகமாகக் குறைதல், பின் நிலைத்தல், பின் சிறிது ஏறுதல் என்னும் போக்கு பொதுவானது. அந்தச் சிறு ஏற்றத்தை முன்கூட்டியே அறிந்தவர், அது நேரும்போது மனமுடைந்து மருத்துவரைத் தவிர்க்க மாட்டார்.

எடைக்கருவி ஒன்றையே நம்பாமல், வேறு நான்கு அளவுகளை இப்போதே எழுதி வையுங்கள்: சர்க்கரை அளவும் உட்கொள்ளும் மாத்திரைகளும், இரவில் உறக்கம், முழங்கால் வலி, மூச்சு வாங்காமல் நடக்கக்கூடிய தொலைவு. சிதம்பரத்தில் இருப்பவர் கோயிலைச் சுற்றியுள்ள நான்கு தேர் வீதிகளையும் ஒரு சுற்று வர எத்தனை முறை நிற்கவேண்டியிருக்கிறது என்று குறித்து வைக்கலாம். கடலூரில் இருப்பவர் தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் எவ்வளவு நேரம் நடக்க முடிகிறது என்று குறிக்கலாம். ஆறு மாதங்களுக்குப் பின் அந்தத் தாள் உங்களோடு நேர்மையாகப் பேசும்.

உயிரைப் பற்றிய அச்சம்

2024ஆம் ஆண்டு ஏப்ரலில், சென்னையில் இத்தகைய அறுவை சிகிச்சைக்குச் சென்ற இளைஞர் ஒருவர் உயிரிழந்த செய்தி நம் பகுதியில் பலரையும் கலங்கச் செய்தது. அச்செய்தியை மறந்துவிடுங்கள் என்று சொல்வது முறையன்று. ஆபத்து உண்டு. அமெரிக்காவில் 10 மருத்துவமனைகளில் 4,776 பேரைப் பின்தொடர்ந்து 2009இல் வெளியான ஆய்வில், முப்பது நாள்களுக்குள் இறந்தோர் 0.3 சதவீதம், பெரிய சிக்கல் ஏதேனும் ஒன்றைச் சந்தித்தோர் 4.3 சதவீதம். பெரும்பாலோர் நலமாக வீடு திரும்பினர், சிலர் திரும்பவில்லை. இரண்டையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும். பருமனுக்குச் சிகிச்சையே பெறாதிருப்பதும் ஆபத்து அற்ற வழி அன்று.

இந்த அச்சத்துக்கு மருந்து கேள்விகளே. இவ்வகைச் சிகிச்சையை இம்மருத்துவர் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார்? தீவிரச் சிகிச்சைப் பிரிவு அங்கேயே உள்ளதா? மயக்கவியல் மருத்துவர் என்னை முன்னரே பரிசோதிப்பாரா? தையல் கசிவு, இரத்தப்போக்கு, காலில் இரத்தம் உறைதல் ஆகியவற்றை எவ்வாறு கண்டறிவீர்கள்? இவற்றைக் கேட்பது மருத்துவரை ஐயுறுவது ஆகாது. நல்ல மருத்துவர் இவற்றை வரவேற்பார். குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் மறைக்காதீர்கள். புகைப்பழக்கத்தை மருத்துவர் குறிக்கும் காலத்துக்கு முன்பே நிறுத்துங்கள்.

நம் மாவட்டத்தினருக்கு மேலும் ஒரு கேள்வி உண்டு. சென்னையிலோ புதுச்சேரியிலோ அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஊர் திரும்பியபின், நள்ளிரவில் காய்ச்சலோ கடும் வயிற்றுவலியோ இதயப் படபடப்போ மூச்சுத்திணறலோ வந்தால் எங்கே செல்வது? கடலூரில் அரசு தலைமை மருத்துவமனையும், சிதம்பரம் அண்ணாமலைநகரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உள்ளன. அவசர ஊர்திக்கு 108. அறுவை சிகிச்சைக் குறிப்பின் நகலையும் அம்மருத்துவரின் அவசரத் தொலைபேசி எண்ணையும் வீட்டில் ஒரே இடத்தில் வையுங்கள். விடை தெரிந்த கேள்வி இரவில் உறக்கத்தைக் கெடுப்பதில்லை.

முன்கூட்டியே பழகுதல்

எதிர்காலத்தை எண்ணி அஞ்சும் மனம், கைக்கு ஒரு வேலை கிடைத்ததும் அமைதியடைகிறது. காத்திருக்கும் வாரங்களில், பின்னர் வாழவேண்டிய வாழ்வைச் சிறிது சிறிதாகப் பழகுங்கள்.

சிறு தட்டில் பரிமாறிக்கொள்ளுங்கள். ஒரு வேளை உணவை இருபது முதல் முப்பது நிமிடங்கள் வரை மென்று உண்ணுங்கள். உணவுக்கு இடையே நீர் அருந்தாதிருக்கப் பழகுங்கள். சோற்றுக்கு முன் மீன், முட்டை, பருப்பு, சுண்டல் ஆகியவற்றை முதலில் உண்ணுங்கள். அறுவை சிகிச்சைக்குப் பின் நாளொன்றுக்கு 60 கிராம் புரதமேனும் தேவைப்படும். வைட்டமின், இரும்பு, கால்சியம் மாத்திரைகள் வாழ்நாள் முழுவதும் தொடரும் என்பதால், மாத்திரைப் பெட்டியை இப்போதே வாங்கி வையுங்கள். சர்க்கரை நோய்க்கான மருந்துகளைத் தாமாக நிறுத்தக் கூடாது. மகப்பேற்றை எதிர்நோக்கும் பெண்கள், அறுவை சிகிச்சைக்குப் பின் 12 முதல் 18 மாதங்கள் வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போடுவது குறித்து மருத்துவரிடம் பேச வேண்டும்.

விருந்துகளையும் எண்ணிப் பாருங்கள். பண்ருட்டிப் பலாச்சுளையும், சிதம்பரத்தின் சம்பா சாதமும் கொத்சும், மார்கழித் திருவாதிரைக் களியும் நம் வாழ்வின் பகுதிகள். இவற்றுக்கு வாழ்நாள் விலக்கு இல்லை; அளவும் காலமும் மாறும். பைபாஸ் செய்துகொண்டவர் இனிப்பை மிகுதியாக உண்டால் படபடப்பும் வியர்வையும் வயிற்றுப்போக்கும் வரலாம். "மருத்துவர் இவ்வளவுதான் சொல்லியிருக்கிறார்; இதுவே எனக்கு நிறைவு" என்னும் ஒரு வாக்கியத்தை ஆயத்தமாக வைத்துக்கொண்டால் உபசரிப்போரிடம் சங்கடம் குறையும்.

ஒத்திவைத்தல் தோல்வி அன்று

சில வேளைகளில் அச்சம் உயர்ந்த எண் கொண்ட கூண்டாக இருக்கலாம். நாள்தோறும் அழுகை, வாழ்வில் வெறுப்பு, கட்டுப்பாடின்றி மறைவாகப் பெருமளவு உண்ணுதல், விட முடியாத குடிப்பழக்கம் ஆகியவை இருந்தால் உடனே மருத்துவரிடம் கூறுங்கள். பைபாஸுக்குப் பின் மது உடலில் வேகமாக ஏறும். முன்பு இல்லாதவர்க்கும் குடிப்பழக்கம் தொற்றக்கூடும். இவற்றுக்கு முதலில் சிகிச்சை பெறுவதற்காக அறுவை சிகிச்சையைச் சில மாதங்கள் தள்ளிவைத்தால், கதவு அடைக்கப்பட்டதாகக் கருதவேண்டாம். மனநல ஆலோசனைக்கு 14416 என்னும் டெலி மானஸ் எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்; தமிழிலேயே பேசலாம்.

குடும்பத்தினருக்கு

"பயப்படாதே" என்னும் சொல் அன்பால் பிறப்பதே. எனினும் அது பேச்சை முடித்துவிடுகிறது. "எதை நினைத்துப் பயமாக இருக்கிறது?" என்று கேளுங்கள், விடையை முழுவதும் கேளுங்கள். "இவ்வளவு செலவு செய்கிறோம், இதிலாவது ஒழுங்காக இரு" என்று ஒருபோதும் கூறாதீர்கள். அச்சொல்லே பின்னாளில் எடை சிறிது ஏறும்போது அவரை உங்களிடமிருந்தும் மருத்துவரிடமிருந்தும் ஒளியச் செய்யும். வாரந்தோறும் எடையை விசாரிப்பதைவிட, மாலையில் உடன் நடப்பது உதவும். மறுபரிசோதனை நாள்களை நாட்காட்டியில் குறித்து உடன் வாருங்கள்.

அறுவை சிகிச்சைக்கு முந்தைய இரவு அச்சம் மீண்டும் வரலாம். அதனை முற்றிலும் விரட்டவேண்டியதில்லை. நான்கு அளவுகள் எழுதிய தாளையும், மருத்துவர் விடையளித்த கேள்விகளையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். படகு கரையில் கட்டப்பட்டிருக்கிறது என்பது தெரியும். எடை ஏறும் நாள் ஒன்று பின்னர் வந்தாலும், அன்று செய்யவேண்டியது ஒன்றே: மறைந்துகொள்ளாமல் மறுபரிசோதனைக்கு வருதல். அவ்வாறு வருவோரைக் குறைகூறுவதற்கு மருத்துவமனையில் எவரும் இல்லை; உதவுவதற்கே இருக்கிறோம்.