வகுப்பில் முதலாம் பிள்ளை என்றால் பல்கலைக்கழகம் கிடைக்குமா?

மானிப்பாய்க்கு மீளத் திரும்பியுள்ள பெற்றோர் எம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "எங்கட பிள்ளை அங்க வகுப்பில முதலாம் பிள்ளை. இங்க வந்து பதினைஞ்சாம் பிள்ளையாப் போச்சு. இனி கம்பஸ் கிடைக்காதோ?"

கிடைக்கலாம். வகுப்பு நிலைக்கும் பல்கலைக்கழக அனுமதிக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. தவணைப் பரீட்சைப் புள்ளிகளோ தேர்ச்சி அறிக்கையில் உள்ள நிலையோ அனுமதியின்போது பார்க்கப்படுவதில்லை. சிறிய வகுப்பில் முதலாவதாக வருவதும் பெரிய வகுப்பில் பதினைந்தாவதாக வருவதும் கூடப் படிக்கும் பிள்ளைகளைப் பொறுத்தவை. ஆகவே, நிலை இறங்கிவிட்டது என்பதற்காகப் பிள்ளையின் படிப்பை நிறுத்திவிடாதீர்கள்.

எது பார்க்கப்படுகிறது?

க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் மூன்று பாடங்களிலும் ஒரே தடவையில் சித்தியடைய வேண்டும். பொதுச் சாதாரண பரீட்சையில் குறைந்தது 30 புள்ளிகள் பெற வேண்டும். இது அடிப்படைத் தகுதி மட்டுமே. அதன்பின் தீர்மானிப்பது இசட் புள்ளி.

பாடத்துக்குப் பாடம் வினாத்தாளின் கடினம் வேறுபடும். அதைச் சமப்படுத்தவே இசட் புள்ளி கணிக்கப்படுகிறது. பெற்ற புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, வரும் விடையை நியம விலகலால் வகுப்பார்கள். உதாரணமாக, சராசரி 40, நியம விலகல் 15 ஆகவுள்ள பாடத்தில் 70 எடுத்தவருக்கு 2 கிடைக்கும். சராசரி 60, நியம விலகல் 10 ஆகவுள்ள பாடத்தில் அதே 70 எடுத்தவருக்கு 1 மட்டுமே கிடைக்கும். மூன்று பாடங்களின் சராசரியே பிள்ளையின் இசட் புள்ளி.

பெறுபேற்றில் மாவட்ட நிலையும் அகில இலங்கை நிலையும் குறிப்பிடப்படும். இவை வகுப்பு நிலை போன்றவை அல்ல. அதே பிரிவில் தோற்றிய எல்லோருடனும் ஒப்பிட்டுத் தரப்படுபவை.

மாவட்டம் ஏன் முக்கியம்?

பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு இடங்கள் மூன்றாகப் பிரிக்கப்படுகின்றன.

• 40 வீதம்: அகில இலங்கைத் திறமை அடிப்படையில்.
• 55 வீதம்: மாவட்டங்களின் சனத்தொகை விகிதப்படி.
• 5 வீதம்: கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக. வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களும் இதில் அடங்கும்.

இதனால் ஒரே கற்கைநெறிக்கு மாவட்டத்துக்கு மாவட்டம் வெட்டுப்புள்ளி மாறும். முல்லைத்தீவில் மருத்துவத்துக்குப் போதுமான புள்ளி யாழ்ப்பாணத்தில் போதாமல் போகலாம். சில கற்கைநெறிகளுக்கு மாத்திரம் திறமை அடிப்படையிலேயே தெரிவு நடைபெறும்.

இடம்பெயர்ந்த குடும்பங்கள் கவனிக்க வேண்டியது இங்கேதான். பிள்ளையின் மாவட்டம் தற்போதைய வீட்டு விலாசத்தை மட்டும் வைத்து முடிவு செய்யப்படுவதில்லை. உயர்தரப் பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகளில் எந்த மாவட்டப் பாடசாலையில் படித்தார் என்பது பார்க்கப்படும். வன்னியில் இரண்டு ஆண்டுகள், மானிப்பாயில் ஓராண்டு எனப் படித்த பிள்ளை, விண்ணப்பத்தில் மாவட்டத்தை எழுதுமுன் அவ்வாண்டின் அனுமதிக் கைநூலை அதிபருடன் இருந்து வாசிக்க வேண்டும்.

இப்போதே செய்ய வேண்டியவை

• படித்த ஒவ்வொரு பாடசாலையிலிருந்தும் விடுகைப் பத்திரத்தைப் பெற்று, திகதிகள் சரியா எனப் பாருங்கள். பாடசாலை இயங்காவிட்டால் அந்த வலயக் கல்விப் பணிமனையில் விசாரியுங்கள்.
• தொலைந்த சாதாரணதர, உயர்தரச் சான்றிதழ்களின் பிரதிகளைப் பரீட்சைத் திணைக்களத்திடம் விண்ணப்பித்துப் பெறலாம்.
• உயர்தரப் பிள்ளையை இடையில் பாடசாலை மாற்றுவதானால் முதலில் அதிபருடன் பேசுங்கள்.
• விண்ணப்பத்தில் கற்கைநெறிகளை உண்மையான விருப்ப ஒழுங்கில் எழுதுங்கள். கிடைக்காது என நினைத்து விரும்பியதைக் கீழே போட்டால், புள்ளி போதியிருந்தும் அது கிடைக்காமல் போகலாம்.
• முதல் தடவை சரிவராவிட்டால் மனம் தளர வேண்டாம். மூன்று தடவைகள் வரை தோற்றலாம்.

தமிழ்நாட்டிலிருந்து திரும்பியவர்களுக்கு

அங்கே பிளஸ் டூ புள்ளிகளைக் கொண்டு 'கட் ஆஃப்' பார்ப்பது உங்களுக்குப் பழக்கமானது. அந்தப் புள்ளிகள் இங்கே இசட் புள்ளியாக மாற்றப்படுவதில்லை. வெளிநாட்டுத் தகைமையுடையோருக்குத் தனியான, மிகச் சில இடங்கள் உள்ளன. அவற்றுக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் வேறாக விண்ணப்பிக்க வேண்டும். இன்னும் பள்ளி வயதில் உள்ள பிள்ளையை உள்ளூர்ப் பாடசாலையில் விரைவில் சேர்ப்பது நல்லது.

அரச பல்கலைக்கழகங்களில் உள்நாட்டு மாணவரின் முதற்பட்டப் படிப்புக்குக் கற்கைக் கட்டணம் இல்லை. இடம்பெயர்வில் வீடும் காணியும் இழந்த குடும்பத்துக்கு இது பெரிய வாய்ப்பு. ஒரு கடதாசி இல்லாத காரணத்தால் அது கைநழுவக் கூடாது.