ஆஃப் பண்ணினாலும் உடனே நிற்காத ஏசி: அப்சார்ப்ஷன் சில்லரின் கதை

வீட்டு ஏசியை நிறுத்த ரிமோட்டில் ஒரு பட்டன் போதும். ஆனா பெரிய ஆஸ்பத்திரி, ஓட்டல், தொழிற்சாலை மாதிரி இடங்கள்ல ஓடுற ஒரு வகை மெஷின் இருக்கு. ‘நில்’ என்று சொன்ன பிறகும் அது கொஞ்ச நேரம் ஓடித்தான் ஆகணும். ஓட விடாம நிறுத்தினா, உள்ளே இருக்கும் திரவம் கட்டியா உறைஞ்சு போக வாய்ப்பிருக்கு. அதுதான் அப்சார்ப்ஷன் சில்லர். நம்ம ஊர் பிளான்ட்களில் வி.ஏ.எம். என்று சொல்வார்கள்.

இதில் இன்னொரு விசேஷம், இது கரண்ட்டை விட வெப்பத்தை நம்பி ஓடுது. நீராவி, சுடுதண்ணீர், கேஸ் அடுப்பு எதுவா இருந்தாலும் சரி. தொழிற்சாலையில் வீணாகப் போகும் வெப்பம்கூட போதும். கரண்ட், பம்புகளுக்கும் கன்ட்ரோலுக்கும் மட்டும்தான்.

சூட்டிலிருந்து எப்படிக் குளிர் வரும்? பிரஷர் குக்கரை நினைச்சுப் பாருங்க. அழுத்தம் கூடினா, தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும். அழுத்தத்தைக் குறைச்சா இதுக்கு நேர் எதிர். இந்த மெஷினுக்குள்ளே எவாப்பரேட்டர் என்ற பகுதியில் அழுத்தம், வெளிக்காற்றின் அழுத்தத்தில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. அங்கே தண்ணீர் சுமார் 5 டிகிரியிலேயே கொதிச்சு ஆவியாகும். ஆவியாகத் தேவையான வெப்பத்தை, பக்கத்துக் குழாயில் ஓடும் தண்ணீரிலிருந்து எடுத்துக்கும். அந்தக் குழாய்த் தண்ணீர் 12 டிகிரியில் உள்ளே வந்து 7 டிகிரியில் வெளியே போகும். கட்டடத்தைக் குளிர்விப்பது அதுதான்.

ஆவியை அப்படியே விட்டால் அழுத்தம் ஏறிடும். அதை உறிஞ்ச ஒரு ஆள் வேணும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி ஈரமாகிப் போகுமே, அதே குணம். இங்கே அந்த வேலையைச் செய்வது லித்தியம் புரோமைடு என்ற உப்பின் கரைசல். இது அப்சார்பரில் ஆவியை உறிஞ்சி நீர்த்துப் போகும். பிறகு ஜெனரேட்டருக்குப் போய்ச் சூடாகி, தண்ணீரை ஆவியா விட்டுட்டு மறுபடி கெட்டியாகும். (இது கரண்ட் தரும் ஜெனரேட்டர் இல்லை!) அந்த ஆவி கண்டென்சரில் குளிர்ந்து தண்ணீராகி, மறுபடி எவாப்பரேட்டருக்கு வரும்.

ஸ்டார்ட் பண்ணும்போது வரிசை முக்கியம். முதலில் குளிர்நீர் பம்ப். தண்ணீர் ஓடுதுன்னு உறுதியான பிறகு, கூலிங் டவர் பக்கத்துப் பம்ப். அப்புறம் கரைசல் பம்ப். கடைசியில்தான் வெப்பம், அதுவும் மெதுவாக. எவாப்பரேட்டர் குழாயில் தண்ணீர் ஓடாம நின்னா அது பனிக்கட்டியாகி, குழாயையே உடைச்சிடலாம். அதனால்தான் இவ்வளவு எச்சரிக்கை. முழுக் குளிர் வரவும் நேரமாகும். கரைசல் சூடாக வேண்டுமே!

ஓடும்போது ரெண்டு எதிரிகள். ஒண்ணு காற்று. கொஞ்சம் கசிந்து உள்ளே வந்தாலும் குளிர் குறையும். ஆக்ஸிஜன் சேர்ந்தா இரும்பும் அரிக்கும். அதனால் அப்பப்போ காற்றை வெளியேற்றணும். இன்னொண்ணு, கரைசல் அளவுக்கு மீறிக் கெட்டியாவது. கூலிங் டவர் தண்ணீர் திடீர்னு ரொம்பக் குளிர்ந்தாலும் இந்த ஆபத்து உண்டு.

இப்போ நிறுத்தும் கட்டம். சர்க்கரைப் பாகு காய்ச்சியிருக்கீங்களா? சூடா இருக்கும்வரை ஓடும், ஆறினா படிகமாகிடும். ஜெனரேட்டரிலிருந்து வரும் கெட்டிக் கரைசலும் அப்படித்தான். அதனால் மெஷின் முதலில் வெப்பத்தை மட்டும் மூடும். பம்புகள் தொடர்ந்து ஓடி, கெட்டிக் கரைசலையும் நீர்த்த கரைசலையும் கலக்கும். கரைசல் போதுமான அளவு நீர்த்த பிறகுதான் அவை நிற்கும். குளிர்நீர் பம்ப் கடைசியில்.

திடீர்னு கரண்ட் போனா? கலக்க ஆள் இல்லை. ரெண்டு கரைசலும் வெப்பம் பரிமாறும் ஹீட் எக்ஸ்சேஞ்சரில்தான் முதல் அடைப்பு வரும். கெட்டியும் அதிகம், சூடும் குறைவு என்ற இடம் அதுதான். உடனே கரண்ட் திரும்பினா தப்பிக்கலாம். இல்லைன்னா அந்தப் பகுதியை வெளியிலிருந்து சூடுபடுத்தி, பொறுமையா உருக்கணும். அதுவரை ஆஸ்பத்திரி வார்டுக்கோ தொழிற்சாலைக்கோ இந்த மெஷினிலிருந்து குளிர் கிடைக்காது. அதனால்தான் இந்தப் பம்புகளுக்கு டீசல் ஜெனரேட்டர் சப்ளை கொடுப்பது நல்லது. சில மாடல்களில் அடைப்பு வந்தால் சூடான கரைசல் வேறு குழாய் வழியே அப்சார்பருக்கு வழிந்து, அடைப்பைத் தானே உருக்கும் ஏற்பாடும் உண்டு.

ஜப்பான், தென்கொரியாவில் கேஸில் ஓடும் இதே மெஷின் குளிர்காலத்தில் ஹீட்டராகவும் வேலை செய்யும். கூலிங் டவரை நிறுத்திட்டு ஒரு வால்வைத் திறப்பாங்க. ஜெனரேட்டரின் சூடான ஆவி நேரா எவாப்பரேட்டருக்குப் போய், குழாயில் ஓடும் தண்ணீரைச் சூடாக்கும். ஆவி தண்ணீராகிக் கரைசலோடயே சேர்ந்துடுவதால், உறையும் பயம் ரொம்பக் குறைவு.

அடுத்த முறை மெஷின் ரூமில், ‘ஆஃப் பண்ணியாச்சே, இன்னும் ஏன் ஓடுது?’ன்னு மெயின் சுவிட்ச்சில் கை வைக்கத் தோணினா, கொஞ்சம் பொறுங்க. அது உப்பைக் கரைச்சிட்டு இருக்கு. முடிஞ்சதும் தானே நிற்கும். அடுத்த எபிசோடில் சந்திப்போம்!