ஒரு சோறு பதமாகுமா?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர் நம் முன்னோர். சிறியதைக் கண்டு பெரியதை அறியும் இம்முறையையே புள்ளிவிபரவியலார் மாதிரியெடுத்தல் என்கின்றனர். ஆயினும், பானை முழுவதும் ஒரே அடுப்பில் ஒருங்கே கொதிப்பதனாலேயே அப்பழமொழி மெய்யாகின்றது. கண்டியைச் சூழ்ந்த வயல்கள் அத்தகைய பானையல்ல.

உடுநுவரையிலும் யட்டிநுவரையிலும் பள்ளத்தின் அடியில் நீரும் வண்டலும் தங்கும் வயல்கள் உள. மேலே படிப்படியாய் ஏறும் வயல்களிலோ நீர் விரைவில் வடிந்துவிடும். வீதியோரத்துச் செழித்த வயலை மட்டும் கண்டு விளைச்சலை மதிப்பிடுபவர் ஏமாறுவது திண்ணம். மதிப்பீடு மிகுந்தால், தட்டுப்பாடு வருமுன் அரிசி தருவிக்கத் தவறுவோம். குறைந்தால், வேண்டாத அரிசி வந்து குவிய உழவனின் நெல் விலை வீழும்.

ஆகவேதான் நமது தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 1950களின் முற்பகுதி முதல் பயிர்வெட்டு ஆய்வுகளை நடத்தி வருகின்றது. பெரும்போகத்திலும் சிறுபோகத்திலும் எழுமாறாகத் தெரிந்த வயல்களில், அளந்து குறித்த சிறு பகுதியின் நெல்லை அறுத்து நிறுப்பர். எழுமாறு என்பது மனம்போன போக்கன்று. 500 வயல்களுக்கு இலக்கமிட்டுச் சீட்டுக் குலுக்கி 20ஐ எடுத்தால், ஒவ்வொரு வயலும் அகப்படும் நிகழ்தகவு 25இல் 1 ஆகும். மேட்டு வயலுக்கும் பள்ளத்து வயலுக்கும் அங்கே வேற்றுமையில்லை.

அந்த 20 வயல்களின் ஏக்கர் விளைச்சலைப் புசலிற் கண்டோம் எனக் கொள்வோம். 20 முதல் 30க்குள் 3 வயல்கள்; 30 முதல் 40க்குள் 5; 40 முதல் 50க்குள் 7; 50 முதல் 60க்குள் 4; 60 முதல் 70க்குள் 1. இதுவே மீடிறன் பரம்பல். ஒவ்வொரு வகுப்பின் நடுப்பெறுமானத்தையும் அதன் மீடிறனாற் பெருக்கிக் கூட்டினால் 850. அதனை 20ஆல் வகுத்தால் இடை 42.5 புசல். இடையை மட்டும் அறிந்தவர், 8 வயல்கள் 40 புசலையும் எட்டவில்லை என்பதை அறியார். உதவி வேண்டி நிற்பவர் அந்த எண்மரே.

வேறு 20 வயல்களை எடுத்தால் இடை சற்று மாறும். அவ்வழுவைப் பாதியாக்க வேண்டின், மாதிரியை ஏறக்குறைய நான்கு மடங்காக்குதல் வேண்டும். ஆனால், அறுப்பவர் எல்லையோரக் கதிர்களையும் உள்ளே சேர்த்துக்கொள்வாராயின், எத்தனை வயல்களை எடுத்தாலும் அம்மிகை நீங்காது. மிகச் சிறிய வெட்டுகளில் இக்குறை பெரிதாகும் என்பதை இந்தியாவில் நடந்த ஆய்வுகளும் காட்டின.

எனவே நேயர்களே, ஒரு சோறு பதமாகும். அதனை எடுத்த கை பாரபட்சமற்றதாயின்.